மின்சாரக் காரில் கோளாறு என்றால் யாரிடம் போவது? ஜொகூரில் உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நிற்கும் சட்டம்

கோலாலம்பூரில் இருந்து ஜொகூர் பாருவுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறீர்கள். யோங் பெங் தாண்டியதும் திரையில் ஆமைப் படம் ஒன்று எரிகிறது. எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. ஓரமாக நிறுத்துகிறீர்கள், இழுவை வண்டிக்காகக் காத்திருக்கிறீர்கள், கிராப் பிடித்து வீடு போகிறீர்கள். இரண்டு நாள் கழித்து சர்வீஸ் சென்டரில் இருந்து அழைப்பு: "பாஸ், ஸ்கேன் பண்ணிப் பார்த்தாச்சு. எரர் ஒண்ணும் வரல. வந்து எடுத்துக்கலாம்."

முதல் முறை என்றால் சரி, விட்டுவிடலாம். மூன்றாவது முறையும் இதே பதில் என்றால்?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் உலகம் முழுக்க மின்சாரக் கார் உரிமையாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் நடக்கும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. "கார் கெட்டுப்போச்சு" என்று நீங்கள் சொல்கிறீர்கள், "இல்லை" என்று நிறுவனம் சொல்கிறது. யார் சொல்வது சரி என்று காட்டும் தரவு உங்களிடம் இல்லை, எதிர்த்தரப்பிடம் இருக்கிறது.

தரவு யார் கையில்?

பெட்ரோல் கார் என்றால் தம்போயில் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். இன்ஜின் சத்தத்தை வைத்தே பாதியைச் சொல்லிவிடுவார். நிறுவனம் சொல்வதை நம்பவில்லை என்றால் அவரிடம் காட்டலாம். மின்சாரக் காரில் அந்த இரண்டாவது ஆள் அநேகமாக இல்லை. பேட்டரிக்குள் எந்த செல் எவ்வளவு வெப்பமானது, எந்த விநாடியில் பிரேக் மிதிக்கப்பட்டது, எந்த மென்பொருள் பதிப்பு ஓடியது எல்லாமே காரின் கணினியிலும் நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கும். அதைப் படிக்கும் கருவியும் அவர்களிடம்தான்.

2021ல் சீனாவில் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று ஷாங்காய் மோட்டார் கண்காட்சியில், பிரேக் வேலை செய்யவில்லை என்று எழுதிய டி-சட்டையோடு ஒரு பெண் டெஸ்லா காரின் கூரை மேல் ஏறி நின்று கத்தினார். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவருடைய குடும்பத்தின் மாடல் 3 கார் விபத்துக்குள்ளாகியிருந்தது. காணொளி உலகம் முழுக்கப் பரவியது. முதலில் விட்டுக்கொடுக்க மறுத்த டெஸ்லா, அடுத்த நாளே மன்னிப்புக் கேட்டது. சில நாளில் விபத்துக்கு முந்தைய தரவையும் வெளியிட்டது. பிரேக் கடைசியாக மிதிக்கப்பட்டபோது கார் மணிக்கு 118.5 கிலோமீட்டர் வேகத்தில் போனது, பிரேக் வேலை செய்தது என்பது நிறுவனத்தின் வாதம். அந்தத் தரவைத் தங்கள் அனுமதியில்லாமல் வெளியிட்டது தனியுரிமை மீறல் என்று அந்தக் குடும்பம் ஆட்சேபித்தது.

முடிவு? கண்காட்சியில் அமளி செய்ததற்காக அந்தப் பெண் ஐந்து நாள் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் டெஸ்லா அவர் மீது வழக்குப் போட்டது. 2024ல் ஷாங்காய் நீதிமன்றம் ஒன்று, அவர் மன்னிப்புக் கேட்கவும் 170,000 யுவானுக்கு மேல் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

அவருடைய பிரேக் உண்மையிலேயே பழுதா இல்லையா என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது வேறு. எந்தத் தரவை, எப்போது, எவ்வளவு வெளியிடுவது என்பதை வழக்கின் ஒரு தரப்பே முடிவு செய்தது. டிக்டாக்கில் காணொளி போடத் துடிக்கும் கைகளும் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம். மலேசியாவிலும் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது. "என் கார் மூன்று முறை நின்றுபோனது, இதோ சர்வீஸ் தாள்" என்பது நடந்ததைச் சொல்வது. "இந்தக் கம்பெனி ஏமாத்துது" என்பது நீங்கள் நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு.

கோளாறா, காரின் இயல்பா?

எல்லாப் புகாரும் கோளாறு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் போட்ட தூரம் சோதனைக்கூட அளவு. பிளஸ் நெடுஞ்சாலையில் 110ல், ஏர்கோன் ஓட, நான்கு பேரோடு போனால் அது கிடைக்காது. இதை வைத்து வழக்குக்குப் போனால் நிற்பது கடினம்.

ஆனால் வாங்கும்போது இருந்த தூரம், ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு குறைந்துபோனால்? அமெரிக்காவில் செவ்ரோலே போல்ட் கார்களுக்கு இதுதான் நடந்தது. தீ அபாயத்துக்காக 2020 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 68,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அதன் உடனடித் தீர்வு, பேட்டரி 90 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஆகாதபடி மென்பொருளால் தடுப்பது. காசு கொடுத்து வாங்கிய தூரத்தில் பத்தில் ஒரு பங்கு, சாவியைக்கூடத் தொடாமல் போய்விட்டது. அதற்குப் பிறகும் கார்கள் எரிந்தன. 2021 ஆகஸ்டில் எல்லா போல்ட் கார்களும், ஏறக்குறைய 142,000, திரும்ப அழைக்கப்பட்டன. மற்ற வாகனங்களில் இருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்றுகூட உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். குறை எல்ஜி தயாரித்த பேட்டரி செல்களில் இருந்தது. திரும்ப அழைத்த செலவில் சுமார் 1.9 பில்லியன் டாலரை எல்ஜி ஏற்றுக்கொண்டது. உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2024ல் 150 மில்லியன் டாலர் சமரசத்துக்கு வந்தது.

தனி ஒருவராகப் போயிருந்தால் இது நடந்திருக்குமா? சந்தேகம்தான்.

மலேசியச் சட்டம் என்ன தருகிறது?

தாளில் பார்த்தால் நல்ல பாதுகாப்பு இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் தானாகவே வந்துவிடும். வாரண்டி புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சரிசெய்யக்கூடிய குறை என்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டாலோ, குறை பெரிது என்றாலோ, பொருளையே நிராகரிக்கலாம். விற்றவரை மட்டுமல்ல, தயாரிப்பாளரையும் கேட்கலாம். குறையுள்ள பொருளால் சேதம் ஏற்பட்டால் இறக்குமதியாளரும் பொறுப்பு. காரைச் செய்தவர் வெளிநாட்டில் இருக்கும்போது இது முக்கியமான வரி.

சிக்கல், இதை எங்கே கேட்பது என்பதில்தான்.

சாதாரண மனிதர் போகக்கூடிய இடம் டிடிபிஎம், அதாவது மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டாம், நிறுவனமும் வழக்கறிஞரை அனுப்ப முடியாது. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்: 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா?

ஆனால் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். 2019ல்தான் அதுவும் 25,000ல் இருந்து உயர்ந்தது. முழுமையாக இறக்குமதியான மின்சாரக் கார்களுக்கு 2025 இறுதி வரை அரசாங்கம் வைத்திருந்த குறைந்தபட்ச விலையோ 100,000 ரிங்கிட். இப்போது சாலையில் ஓடும் இறக்குமதி மின்சாரக் கார்களில் ஏறக்குறைய எதற்குமே முழுப் பணத்தை இந்த மன்றத்தில் கேட்க முடியாது. 2025 அக்டோபரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 5 காரின் தொடக்க விலை சுமார் 60,000. அதுகூட வரம்புக்கு வெளியேதான்.

வழியே இல்லையா என்றால், குறுக்குவழி இரண்டு உண்டு. 50,000க்கு மேற்பட்ட பகுதியை விட்டுக்கொடுத்து மீதியைக் கேட்கலாம். அல்லது இரு தரப்பும் எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டால் மன்றம் பெரிய தொகையையும் விசாரிக்கலாம். இரண்டாவதற்கு நிறுவனம் ஏன் ஒப்புக்கொள்ளப் போகிறது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பழுதுபார்ப்புச் செலவு, இழுவைச் செலவு, வாடகைக் கார் போன்ற கோரிக்கைகளுக்கு டிடிபிஎம் நல்ல இடம். காரையே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு இல்லை. காயம், மரணம் சம்பந்தப்பட்ட இழப்பீடும் அங்கே போகாது.

அதற்கு மேல் சிவில் நீதிமன்றம். 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 1 மில்லியன் வரை செஷன்ஸ் நீதிமன்றம். அங்கே நிறுவனம் வழக்கறிஞரோடு வரும். நீங்களும் ஒருவரை வைக்க வேண்டும், தனி பொறியியல் நிபுணரையும் தேட வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

இதற்கு நடுவே மாதத் தவணை நிற்காது. வாடகைக் கொள்முதலில் வாங்கிய கார், கடன் முடியும் வரை வங்கிக்குச் சொந்தம். கார் பணிமனையில் கிடக்கிறது என்பதற்காக வங்கி காத்திருக்காது. கோபத்தில் தவணையை நிறுத்தினால் காரும் போகும், உங்கள் சிசிஆர்ஐஎஸ் பதிவும் கெடும்.

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர் பாருவில் இருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் "லெமன் சட்டம்" நடப்பில் இருக்கிறது. பொருளை வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. பழைய கார்களுக்கும் இது பொருந்தும். யார் நிரூபிப்பது என்ற அந்த ஒரு விஷயம், நாம் முதலில் பார்த்த தரவுப் பிரச்சினையைத் தலைகீழாக்குகிறது: தரவை வைத்திருப்பவரே அதைக் காட்டியாக வேண்டும். ஆனால் நீங்கள் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாலும், ஜொகூரில் வாங்கிய காருக்கு அந்தச் சட்டம் உதவாது. மலேசியாவிலும் இப்படியொரு சட்டம் வேண்டும் என்று பயனீட்டாளர் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றன.

இந்தியாவில் வேறொரு வழி. அங்கே மாவட்ட நுகர்வோர் ஆணையமே, 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய புகாரை விசாரிக்கலாம். இன்றைய மதிப்பில் 200,000 ரிங்கிட்டுக்கு மேல். ஹைதராபாத்தில் 2023 ஜூனில் ஒரு நெக்சன் இவி கார் தீப்பிடித்தது. உரிமையாளருக்குக் காரின் விலையான 16.95 லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி அங்குள்ள மாவட்ட ஆணையம் டாடா மோட்டார்ஸுக்கு உத்தரவிட்டது. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தாலும், வாசல்படியிலேயே "தொகை அதிகம்" என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்து மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா நிறுவனத்தின் கதையும் இங்கே உதவும். ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த 10,644 புகார்களைச் சேர்த்து வைத்து, இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டது. 99.1 விழுக்காட்டைத் தீர்த்துவிட்டோம் என்றது நிறுவனம். ஆணையம் அத்தோடு விடாமல் மேற்கொண்டு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் புகார்களில் 3,389, சர்வீஸ் தாமதம் பற்றியவை. வண்டி கெட்டதைவிட, கெட்ட வண்டியை யாரும் பார்க்காததுதான் பலருக்கு எரிச்சல்.

அந்த எரிச்சல் எங்கே போகும் என்பதை 2022 ஏப்ரலில் ஆம்பூர் காட்டியது. சொன்ன தூரம் ஓடவில்லை என்று ஒரு மருத்துவர் தன் ஓலா ஸ்கூட்டர் மீது பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். காணொளி வைரல். கோபம் நியாயமாகவே இருக்கட்டும், ஆனால் அவருடைய முக்கியமான சாட்சி அந்த ஸ்கூட்டர்தானே?

சரி, அப்போ என்னதான் செய்யறது?

முதல் கோளாறு வந்த அன்றே பதிவு தொடங்க வேண்டும், மூன்றாவதுக்குக் காத்திருக்காதீர்கள். திரையில் எச்சரிக்கை வந்ததும், வண்டியை ஓரங்கட்டிய பிறகு, படம் எடுங்கள்: தேதி, ஓடிய கிலோமீட்டர், சார்ஜ் அளவு, மென்பொருள் பதிப்பு எல்லாம் தெரியும்படி. சர்வீஸ் சென்டரில் வேலைத்தாள் இல்லாமல் காரை விடாதீர்கள். "சும்மா செக் பண்ணித் தரோம்" என்றால், சும்மா செக் பண்ணியதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "எரர் இல்லை" என்ற தாள்கூட மதிப்புள்ளதுதான். மூன்று முறை வந்தும் காரணம் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். வாட்ஸ்அப்பில் பேசியதை அன்றே மின்னஞ்சலாக்கி அனுப்பிவிடுங்கள்.

தரவைக் கேட்கவும் ஒரு கதவு உண்டு. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவை எழுத்து மூலம் கேட்கலாம். 21 நாளில் பதில் தர வேண்டும். காரின் பதிவுகள் "தனிநபர் தரவு" ஆகாது என்று நிறுவனம் வாதிடக்கூடும். வாதிட்டாலும் அந்த மறுப்பு எழுத்தில் கிடைக்கும். பின்னால் நீதிமன்றத்தில் "கேட்டேன், தரவில்லை" என்று சொல்ல அது வேண்டும்.

காரையே நிராகரிக்கப் போகிறீர்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள். நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் அந்த உரிமை போய்விடும், காரணத்தையும் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். வரி லாபத்துக்காகக் காரை நிறுவனப் பெயரில் வாங்கியவர்களுக்கு இன்னொரு தலைவலி: நீங்கள் "பயனீட்டாளர்" தானா என்பதே முதல் கேள்வியாக வரலாம்.

புகாரை உள்நாட்டு வர்த்தக, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கும் அனுப்புங்கள். தொலைபேசி எண் 1-800-886-800. ஒரு புகாரால் என்ன ஆகும் என்று தோன்றும். ஓலா விவகாரத்தில் அந்த 10,644ம் ஒவ்வொன்றாக வந்தவைதான்.

விற்றவர் நாளைக்கும் கடை திறப்பாரா என்பதையும் பாருங்கள். மலேசியாவில் 2023ல் விற்பனைக்கு வந்த நேட்டா கார்களின் சீனத் தாய் நிறுவனமான ஹோசோன், 2025 ஜூனில் திவால் நடவடிக்கைக்குள் போனது. எட்டு ஆண்டு பேட்டரி வாரண்டி என்பது, எட்டு ஆண்டும் அதைக் கொடுக்க யாராவது இருந்தால்தான்.

டிடிபிஎம்முக்குப் போவதென்றால் முதல் பாரத்தை நிரப்பி, ரசீதும் வேலைத்தாள்களும் இணைத்து, 5 ரிங்கிட் கட்ட வேண்டும். கோரிக்கை எழுந்த நாளில் இருந்து மூன்று ஆண்டுக்குள் பதிவு செய்தாக வேண்டும். கார் பணிமனையில் கிடக்கும் மாதங்களும் அந்த மூன்று ஆண்டுக் கணக்கில் சேரும்.