ஈரானியர் கடையில் ஒரு பந்தி

ஒருவரோடு பழகுவது வேறு. அவரோடு அமர்ந்து உண்பது வேறு. தெருவில் கண்டால் நலம் விசாரிக்கிறோம். திருவிழாவில் தோளோடு தோள் நின்று சப்பரம் சுமக்கிறோம். அவசரத்திற்குக் கைமாற்றும் கொடுக்கிறோம். ஆனால், "வாருங்கள், நம் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள்" என்று நாம் அழைக்கும் மனிதர் எத்தனை பேர்? அவர்கள் யார் யார்? வாசக அன்பர்களோடு இம்மாதம் சிந்திக்க விரும்புவது இதனையே.

லோயர் கேம்ப் பலரும் கூடி உழைத்த ஊர். 1895-ல் முடிவுற்ற பெரியாறு அணை எழும்பிய காலத்து முகாமின் பெயரே ஊரின் பெயராய் நிலைத்துவிட்டது. 1958-ல் பெரியாறு மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் பல மாவட்டத்தாரும் இங்கு வந்து குடியேறினர். இன்றும் விடியுமுன் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பேறி மலைக்குச் செல்லும் தொழிலாளரை இங்கே காணலாம். இவ்வூரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த எங்கள் நண்பர் குழுவில் அறுவர். மின்நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர்; திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர்; ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் செல்பவர் ஒருவர்; கம்பத்தில் கடை வைத்திருக்கும் இஸ்லாமிய அன்பர் ஒருவர்; ஆசிரியர் ஒருவர்; ஆறாவதாக நாம். முப்பது ஆண்டுப் பழக்கம். தேநீர்க் கடைப் பலகையில் ஒன்றாய் அமர்ந்து உலகச் செய்திகளை எல்லாம் அலசியவர்கள்தாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியரின் மகன் திருமணத்திற்காக அனைவரும் மும்பை சென்றோம். ரயிலில் அவரவர் கட்டுச்சோற்றை அவரவர் பிரித்து உண்டோம். அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. திருமணத்துக்கு மறுநாள் மணமகன் எங்களை நண்பகல் உணவுக்குப் பல்லார்டு எஸ்டேட் பகுதியிலுள்ள 'பிரிட்டானியா' உணவகத்துக்கு அழைத்துச் சென்றார். 1923-ல் தொடங்கப்பட்ட ஈரானியர் உணவகம் அது.

பாரசீகம் என்று முன்னாளில் வழங்கிய நாடே இன்றைய ஈரான். அங்கே யஸ்து, கெர்மான் முதலிய பகுதிகளில் வாழ்ந்த ஜொராஸ்திரிய சமயத்தார் பலர், பஞ்சத்தாலும் நெருக்கடியாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் பம்பாய்க்கு வந்தனர். பிழைப்புக்காகத் தெருமுனைகளில் தேநீர்க் கடைகள் திறந்தனர். சலவைக்கல் மேசை, வளைந்த மர நாற்காலி, சுவரெங்கும் கண்ணாடி, வெண்ணெய் தடவிய ரொட்டி, பாலேறிய தேநீர் ஆகியவை அக்கடைகளின் அடையாளங்கள். ஆலைத் தொழிலாளியும் அலுவலக எழுத்தரும் வண்டியோட்டியும் அங்கே வந்தனர். அக்கடைகள் யாவும் தொடக்கம் முதலே குறையற்றவை என்று சொல்லத் துணியோம். ஆயினும், காசு கொடுத்தவர் எவராயினும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

அதே காலத்தில் நம் தமிழகத்தின் நிலை என்ன? சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிள்ளைகள் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாமா என்ற கேள்வி 1924, 1925-ஆம் ஆண்டுகளில் நாட்டையே கலக்கியது. தேசத்தொண்டுக்கென்று தோன்றிய ஒரு நிறுவனம் சோற்றுப் பந்தியால் குலைந்தது.

மீண்டும் உணவகத்திற்கு வருவோம். அங்கே பேர்பெற்றது பெர்ரி புலாவு. ஈரானிலிருந்து வரும் செந்நிறமான, புளிப்பான சிறு உலர்கனிகளைத் தூவிப் பரிமாறும் சோறு அது. மாமிசம் சேர்த்தும் சேர்க்காமலும் சமைக்கிறார்கள். புலாவு என்ற சொல் நமக்குப் புதிதன்று. பிரியாணி, சமோசா, நான் முதலிய சொற்களும் பாரசீகத்தின் வழியாக நம் நாவுக்கு வந்தவையே. தோட்டக்கார நண்பர் ஒரு கனியை விரலிடையே வைத்துப் பார்த்து, "நம்ம பன்னீர் திராட்சைக்கு இது பேத்தி மாதிரி இருக்கே!" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பெரிய தட்டில் சோறு நடுவே வந்தது. அப்போது ஏலத் தோட்ட நண்பரின் கை மட்டும் மேசைக்கடியிலேயே இருந்தது. "முதலாளி, நீங்க போட்டுக்குங்க. நான் அப்புறம்..." என்றார் மெல்ல. தோட்டக்காரர் கரண்டியை எடுத்து, "முதலாளி அதோ கல்லாவில உட்கார்ந்திருக்காரு. நீங்க தட்டை நீட்டுங்கண்ணே" என்று முதலில் அவருக்கே பரிமாறினார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மின்நிலைய நண்பர் சொன்னார்: "முப்பது வருஷத்தில் நாம ஆறு பேரும் ஒரே மேசையில சாப்பிடுறது இதுதான் முதல் தடவை."

இதற்காக ஆயிரம் மைலுக்கப்பால், ஈரானியர் திறந்த ஒரு கடை வரையில் செல்ல வேண்டியிருந்ததே என்பதுதான் நம் உள்ளத்தை உறுத்துகிறது. 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதி, சமயம் காரணமாக எவரையும் உணவகத்துக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. உணவகத்தின் கதவைச் சட்டம் திறந்துவிட்டது. வீட்டின் கதவை எந்தச் சட்டமும் திறக்காது; வீட்டார்தாம் திறக்க வேண்டும்.

அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு உணவருந்தி வந்த இராயப்பர், சிலருடைய பேச்சுக்கு அஞ்சி அப்பந்தியை விட்டு விலகினார். புனித சின்னப்பர் அவரை நேருக்கு நேர் கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் நாம் வாசிக்கிறோம். உண்ணும் பந்தி சிறு காரியமாய் இருந்திருந்தால் அப்போஸ்தலர்களிடையே அத்துணை கடுமையான சொல் எழுந்திராது.

நம் பங்குத் திருவிழா அசனத்தில் எல்லோரும் ஒன்றாய் அமர்கிறோம். நன்று. ஆனால் அது கோயில் வளாகத்துப் பந்தி. ஆண்டுக்கு ஒருநாள் பந்தி. அடுத்து உங்கள் பிள்ளையின் புதுநன்மை விருந்துக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும்போது, நாள்தோறும் பழகியும் இதுவரை உங்கள் வீட்டு நடையைத் தாண்டாத ஒருவரின் பெயரை முதலில் எழுதுங்கள். இலை போட்டதும் அவர் தயங்கினால், பிள்ளையின் கையாலேயே பரிமாறச் செய்யுங்கள். அந்தப் பிள்ளை ஆயுள் முழுதும் மறவாத மறைக்கல்வி அதுவாகவே இருக்கும்.