பிஜித் தீவுக்குப் போகிறவர்களுக்கு

பஸிபிக் மகாசமுத்திரத்தில் 300-க்கு மேற்பட்ட தீவுகள் சேர்ந்த தேசம் பிஜி. மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை குறைவு. யாத்திரைக்கு அதுவே உகந்த காலம். கிராமங்களில் தொப்பியைக் கழற்றிவிட்டே நடக்க வேண்டும். பானத்துக்கு உதவும் யங்கோனா வேரை ஊர்த் தலைவருக்குக் காணிக்கையாக அளிப்பது மரியாதை.

பவழப் பாறைகளைக் கண்டு களித்தவுடன் திரும்பிவிடலாகாது என்பது நமது அபிப்பிராயம். 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. பாரதியார் நெஞ்சுருகிப் பாடியது அக்கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் ஸ்திரீகளைக் குறித்தேயாகும். இன்று அவர்களுடைய சந்ததியார் பிஜியின் பிரஜைகள். நாண்டி நகரில் சிவசுப்பிரமணியருக்குக் கோபுரத்துடன் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே செல்லும் நேயர்கள் ஒரு நாளையாவது அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கும் கோயிலுக்கும் ஒதுக்குவார்களாக!