மனம் என்னும் சண்டிமாடு

வண்டிக்காரர்கள் 'சண்டிமாடு' என்று ஒன்றைச் சொல்வார்கள். பார்வைக்கு அதில் ஒரு குறையும் இராது. கொம்பு அழகாயிருக்கும், திமில் எடுப்பாயிருக்கும், வைக்கோலையும் பருத்திக்கொட்டையையும் குறைவின்றித் தின்னும். நுகத்தடியைக் கழுத்தில் வைத்தவுடனே மட்டும் நான்கு காலையும் மடக்கிக்கொண்டு படுத்துவிடும். வாலை முறுக்கினாலும் எழுந்திராது. தார்க்குச்சியால் குத்தினாலும் எழுந்திராது. ஆனால் எப்படியோ அதை எழுப்பி, சக்கரம் நாலு சுற்றுச் சுற்றிவிட்டதானால், பிறகு அது மற்ற மாடுகளைப் போலவே நடந்து ஊர் போய்ச் சேரும். அதன் சண்டித்தனமெல்லாம் புறப்படும் அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

நம் எல்லோரிடமும் அப்படிப்பட்ட மாடு ஒன்று இருக்கிறது. அதற்கு மனம் என்று பெயர்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவது என்று இரவு படுக்கும்போது சங்கற்பம் செய்துகொள்கிறோம். ஐந்து மணிக்குக் கடிகாரம் அடிக்கிறது. உடனே நமக்குள்ளே ஒரு வக்கீல் எழுந்து நின்று வாதம் செய்யத் தொடங்குகிறார். "நேற்றுப் படுக்க நேரமாகிவிட்டது. தூக்கம் குறைந்தால் தேகத்துக்கு ஆகாது. போதாக்குறைக்கு இன்று செவ்வாய்க்கிழமை. புதிய காரியத்தைச் செவ்வாய்க்கிழமையில் யாராவது தொடங்குவார்களா?" என்று கேட்கிறார். எதிர்க்கட்சி வக்கீல் இல்லாத கோர்ட்டு ஆனபடியால், ஒருதலையாகவே தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது. நாமும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சோம்பல் தன் சொந்தப் பெயருடன் நம்மிடம் வருவதே இல்லை. தேக சுகம், முன்யோசனை, நல்ல வேளை, பூரண ஆயத்தம் என்று மரியாதையான பெயர்களைப் பூண்டுகொண்டே வருகிறது. தை பிறக்கட்டும், பரீட்சை முடியட்டும், பெண்ணின் கல்யாணம் ஆகட்டும் என்று அது சொல்லும் தவணைகள் எல்லாம் நியாயமாகவே தோன்றுகின்றன. நாட்குறிப்புப் புத்தகம் வாங்குகிறவர்களின் அநுபவம் நேயர்கள் அறிந்ததே. ஜனவரி மாதத்து முதல் பத்துப் பக்கங்களில் ஆத்ம பரிசோதனை நடந்திருக்கும். அதற்கப்பால் சலவைக் கணக்கு!

"பெரியோர்களுக்கு இரும்பு போன்ற மனம் வாய்த்திருந்தது, நமக்கு அப்படி வாய்க்கவில்லையே!" என்று சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. இதுவும் அந்த வக்கீலின் வாதங்களில் ஒன்றுதான். மகாத்மா காந்தி தம் சத்திய சோதனையில் ஒளிவு மறைவின்றி எழுதியிருப்பதைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

சீமையில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நாளில் அவரைப் போல் கூச்சம் மிகுந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. ஒரு சமயம், ஒரே ஒரு தாளில் அடங்கக்கூடிய பிரசங்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனார். படிப்பதற்காக எழுந்து நின்றபோது கண் இருண்டது, உடம்பு நடுங்கியது, அருகிலிருந்த நண்பர் அதை வாங்கிப் படிக்கவேண்டியதாயிற்று. 1891-ஆம் வருஷம் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்குத் தாமே ஒரு விருந்து வைத்தார். அங்கும் முதல் வாக்கியத்துக்குமேல் பேச்சு வரவில்லை. பிறகு பம்பாய் ஸ்மால்காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. கட்சிக்காரரிடம் வாங்கிய பீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, வெட்கத்துடன் கோர்ட்டை விட்டு வெளியேறினார்.

இப்படிப்பட்டவர் 1893-ஆம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகருக்குப் போய்ச் சேர்ந்தார். சில நாளைக்குள்ளாகவே அங்கிருந்த இந்திய வர்த்தகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் சத்தியம் என்னும் விஷயமாகப் பேசினார். அவருடைய முதல் பிரசங்கம் என்று சொல்லத்தக்கது அதுதான். இரண்டு வருஷத்துக்குள் சுபாவம் மாறிவிட்டதா? இல்லை, கூச்சம் தம்மை முற்றிலும் விட்டுப்போகவே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் இம்முறை சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. கேட்க வேண்டிய ஜனங்கள், அவமானத்தைச் சகித்துக்கொண்டு வாழும் நம்மவர்கள், எதிரில் இருந்தார்கள். 'நான் எப்படிப் பேசுகிறேன்?' என்ற கவலை பின்னுக்குப் போய், 'இவர்களுக்கு என்ன ஆகவேண்டும்?' என்ற கவலை முன்னுக்கு வந்தது. மாடு எழுந்து நடந்தது.

கூட்டத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குச் சொல்லிக் கொடுப்பதாக முன்வந்தார். மூன்று பேர் கிடைத்தார்கள்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர். தங்கள் வசதிப்படி வந்து கற்பித்தால்தான் படிப்போம் என்றார்கள் அவர்கள். பாரிஸ்டர் அவர்களுடைய இடத்தைத் தேடிப் போனார். சில நாள், மாணாக்கர் தொழிலில் மூழ்கியிருப்பார், ஆசிரியர் காத்திருப்பார். சுமார் எட்டு மாதம் இது நடந்தது. பிரசங்கத்தைக் காட்டிலும் இந்த எட்டு மாதத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். உற்சாகம் ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும். எட்டு மாதத்துக்கு ஒழுங்கு வேண்டும்.

அந்த ஒழுங்கை அவர் எப்படி அமைத்துக்கொண்டார் என்பதற்கு 1903-ஆம் வருஷத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க்கில் வக்கீல் தொழிலும் பொதுக்காரியமும் மூச்சுவிட நேரமின்றி நெருக்கிக்கொண்டிருந்த காலம். கீதையை நெட்டுருச் செய்ய விரும்பினார். "நேரம் கிடைக்கட்டும்" என்று காத்திருக்கவில்லை. காலையில் பல் துலக்க 15 நிமிஷமும், குளிக்க 20 நிமிஷமும் எப்படியும் செலவாகின்றன அல்லவா? சுலோகங்களைச் சிறு காகிதத் துண்டுகளில் எழுதி, பல் துலக்கும் இடத்துக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்தார். நின்றபடியே பார்த்துப் பார்த்துப் பாடம் செய்தார். இவ்விதமாகப் 13 அத்தியாயங்கள் மனனம் ஆயின. இதற்கென்று தனியாக ஒரு நிமிஷத்தையும் அவர் தேடவில்லை. வக்கீல் எழுந்து வாதாடவும் இடமில்லை. ஏனெனில் பல் துலக்குவதை யார் ஒத்திப் போடுவார்கள்?

பாரத்தைக் குறைத்து, நேரத்தையும் இடத்தையும் நிச்சயமாக்கி, நுகத்தடியைக் கண்ணெதிரே வைப்பது: மனத்தைப் பழக்கும் வித்தை இவ்வளவுதான். சொல்வதற்கு எளிது. தேசமே இதில் ஒருமுறை இடறியிருக்கிறது.

1924-ஆம் வருஷம் டிசம்பரில் பெல்காமில், காந்தியடிகளே தலைமை வகித்த காங்கிரஸ் மகாசபையில், அங்கத்தினர் ஆகிறவர்கள் மாதம் 2000 கஜம் நூல் தரவேண்டும் என்று விதி செய்யப்பட்டது. தாமே நூற்கலாம், இயலாவிட்டால் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம். நூற்கிறவருக்குத் தினம் அரைமணி நேர வேலை. அவ்வளவுதான். ஊர்வலத்தில் பல மைல் நடந்தவர்கள் நம் ஜனங்கள். தடியடிக்கும் சிறைக்கும் அஞ்சாதவர்களும் அநேகர் இருந்தார்கள். ஆயினும் யாரும் பாராத நேரத்தில், மாலையும் ஜயகோஷமும் இல்லாமல், அரைமணி நேரம் தனியே உட்காருவது பலருக்கு முடியவில்லை. மறு வருஷமே விதியைத் தளர்த்தவேண்டியதாயிற்று. வருஷத்துக்கு நாலணாச் சந்தா கொடுத்தாலும் போதும் என்று ஆயிற்று. அந்நியனை எதிர்த்து நிற்பது கடினமான காரியந்தான். அதைச் செய்தவர்களுக்கும் தங்கள் மனத்தை எதிர்த்து உட்காருவது கடினமாயிருந்தது.

பிறரைப்பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம் சமாசாரத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. நமக்கு இளமையில் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர், வயது முதிர்ந்து, தம் கிராமத்தில் உடல் நலமின்றி இருப்பதாகக் கேள்விப்பட்டோம். உடனே கடிதம் எழுதவேண்டும் என்று நினைத்தோம். ஆனால் அவருக்கு எழுதும் கடிதம் சாமான்யமாக இருக்கலாமா? பிழையில்லாமல், அவர் மெச்சும்படியான நடையில், சாவகாசமாக எழுதவேண்டாமா? வக்கீலின் வாதம் எவ்வளவு கௌரவமாயிருக்கிறது, பாருங்கள்! சாவகாசம் வரும் வரும் என்று எட்டு மாதம் காத்திருந்தோம். பிறகு அவருடைய குமாரரிடமிருந்து நமக்குத்தான் கடிதம் வந்தது. பழைய மாணாக்கர்கள் எழுதிய கடிதங்களையெல்லாம் அப்பா ஒரு கம்பியில் கோத்து வைத்திருந்தார் என்றும், கடைசி நாட்களில் அவற்றைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றும் அதில் எழுதியிருந்தார். அந்தக் கம்பியில் நம் கடிதம் ஒன்றுகூட இல்லை. நாலே வரி எழுத ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது. இப்போது எவ்வளவு அழகாக எழுதினாலும் அனுப்புவதற்கு விலாசம் இல்லை.

அன்று முதல் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டோம். மேஜைமேல் நாலு தபால் கார்டுகள் எப்போதும் இருக்கும். காலையில் காப்பி சாப்பிட்டதும், வேறொன்றையும் தொடுமுன், ஒரு கார்டு. நடை நன்றாயிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒரு நாள் தவறிப்போனால், "விரதந்தான் கெட்டுப்போயிற்றே!" என்று அடியோடு விட்டுவிடுவதும் இல்லை, மறுநாள் மறுபடியும் ஒரு கார்டு. தவறிய நாளுக்காக வட்டியும் முதலுமாக எழுதித் தீர்ப்பதும் கிடையாது. சண்டிமாட்டின் முதுகில் இரட்டைப் பாரம் ஏற்றினால் அது மறுபடியும் படுத்துக்கொள்ளும் என்பதை அநுபவத்தில் அறிந்திருக்கிறோம்.

குடும்பத்தில் பெரியவர்களாயிருப்போருக்கு இதில் விசேஷமான பொறுப்பு உண்டு. தகப்பனார் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, "படி, படி" என்று பையனை அதட்டுகிறார். பையன் கற்றுக்கொள்வது பாடத்தை அல்ல, சாய்வு நாற்காலியை. அதற்குப் பதிலாக, விளக்கேற்றியதும் தாமும் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பையனுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் வாய் திறவாமல் உட்கார்ந்து பார்க்கட்டும். முதல் இரண்டு மூன்று நாள் இரண்டு பேருடைய மாடும் படுத்துக்கொள்ளும். பிறகு ஒன்றைப் பார்த்து ஒன்று எழுந்து நடக்கும்.

நேயர்களில் அநேகருக்கும் எழுதாத கடிதம் ஒன்று இருக்கும். போய்ப் பார்க்காத உறவினர் ஒருவர் இருப்பார். பாதியில் நின்றுபோன படிப்போ பாட்டோ இருக்கும். அவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்து முடிக்கும்படி நாம் சொல்லவில்லை. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, நாளைக் காலையில் எந்த இடத்தில், எந்த வேலை முடிந்தவுடன் தொடங்குவது என்பதை மட்டும் இப்போதே தீர்மானித்து, அதற்கு வேண்டிய காகிதத்தையோ புத்தகத்தையோ அந்த இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் அந்த வக்கீல் எழுந்திருக்கும்போது சக்கரம் நாலு சுற்றுச் சுற்றியிருக்கட்டும்.