மரம்போல் நின்ற கல்

சில வாரங்களுக்கு முன்பு, மஃக்ரிப் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. ‘போக்கிமான்’ என்னும் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் ‘நான் யூதன்’ என்று பொருளாம். நம் பிள்ளைகளின் ஈமானைக் குலைப்பதற்கென்றே இந்த விளையாட்டு உருவாக்கப்பட்டதாம். படித்த ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம்.

என் சகோதரியின் மகன் அருகிலேயே அமர்ந்து, ஒரு பழைய கருவியில் அதே விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தான். செய்தியைப் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. “மாமா, இதை எழுதினவங்க ஒரு தடவையாவது ஆடிப் பார்த்திருப்பாங்களா?” என்று மட்டும் கேட்டான். என்னிடம் விடை இல்லை. அவனுடைய திரையில் ஒரு மரம் பாதையின் நடுவே நின்று வழியை மறித்துக்கொண்டிருந்தது. “அது மரமில்லை மாமா, மரம் மாதிரி நடிக்குது” என்றான்.

அந்தக் கற்பனை உயிரின் பெயர் சூடோவூடோ. 1999ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘கோல்டு’, ‘சில்வர்’ ஆட்டங்களில் அது அறிமுகமானது. கிளைகளைப் போன்ற கைகள், அவற்றின் நுனியில் பச்சை நிற உருண்டைகள், பழுப்பு நிற உடல் என்று பார்வைக்கு அது முற்றிலும் தாவரமே. ஆனால் ஆட்டத்தின் வகைப்பாட்டில் அது தாவர இனமன்று, பாறை இனம். ஜப்பானிய மொழியில் அதன் பெயரே ‘பொய்’, ‘மரம்’ என்னும் இரு சொற்களின் சேர்க்கை. பொய்யன் என்பதற்கான சொல்லையும் அது நினைவூட்டும்.

அது வழியை மறித்து நிற்கும்வரை அடுத்த நகரத்திற்குச் செல்ல இயலாது. கோல்டன்ராடு என்னும் நகரத்தின் பூக்கடைக்குச் சென்று, ஒரு பூவாளியைப் பெற்று வந்து, அந்த ‘மரத்திற்கு’ நீர் ஊற்ற வேண்டும். மெய்யான மரமாக இருந்தால் நீரை வரவேற்றிருக்கும். இதுவோ நீர் பட்டவுடன் துள்ளியெழுந்து தாக்க வருகிறது. மழை வந்தால் ஓடி மறைந்துவிடும் இயல்புடையது என்றும், ஏனைய மரங்கள் இலையுதிர்க்கும் குளிர்காலத்திலும் இதன் கைகள் மட்டும் பச்சையாகவே இருந்து இதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் ஆட்டத்தின் குறிப்புகள் சொல்கின்றன.

சிந்தித்துப் பார்த்தால், நமக்கு வரும் செய்திகள் பலவும் இந்த மரத்தைப் போன்றவையே. அவை மார்க்க அறிவின் தோற்றத்தில் வந்து நிற்கின்றன. ஈமான், பிள்ளைகள், எச்சரிக்கை என்னும் பச்சை இலைகள் அவற்றின் கைகளில் உள்ளன. அவற்றின்மீது ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்ப்பவர்கள்தாம் குறைவு.

ஊற்றிப் பார்ப்போம். ‘போக்கிமான்’ என்பது ‘பாக்கெட் மான்ஸ்டர்’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் தம் வழக்கப்படி சுருக்கிக்கொண்டதே. அதற்கு வேறு எந்த இரகசியப் பொருளும் இல்லை. அதை உருவாக்கிய சடோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்த இன்பத்தையே ஆட்டமாக்கினார். எங்கள் குழுவுக்கு வந்த வதந்தி 2001ஆம் ஆண்டு வாக்கிலேயே அரபு நாடுகளில் பரவி, தயாரிப்பாளர்களால் மறுக்கப்பட்ட ஒன்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது நம் வழியில் மரமாகவே நின்றுகொண்டிருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வதந்தி வேறு, மார்க்கத் தீர்ப்பு வேறு. அதே 2001ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர்கள் இவ்விளையாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். சூதாட்டத்தின் சாயல், பரிணாமக் கொள்கை, பிற மதங்களின் சின்னங்கள் ஆகியவை அதில் காரணங்களாகக் கூறப்பட்டன. 2016இல் ‘போக்கிமான் கோ’ வெளிவந்தபோது அத்தீர்ப்பு மீண்டும் பேசப்பட்டது. அதனை ஏற்பவரும் உளர். வேறு கருத்துடையோரும் உளர். ஆனால் காரணம் கூறப்பட்ட ஒன்றை நாம் ஆராய முடியும், கேள்வி கேட்க முடியும். வதந்தியோ நம்மிடம் ஆராய்ச்சியைக் கேட்பதில்லை. பத்துப் பேருக்கு அனுப்புவதை மட்டுமே கேட்கிறது.

ஆராய்பவருக்கு இரு பக்கமும் தெரியும். ஆட்டத்தில் ‘பரிணாமம்’ என்று சொல்லப்படுவது, ஓர் உயிர் தன் வாழ்நாளிலேயே அடையும் உருமாற்றம். கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சியாவதைப் போன்றது. தலைமுறை தலைமுறையாக இனங்கள் மாறுவதைப் பற்றிய கொள்கைக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு. அந்தப் பெயரே பிள்ளையைக் குழப்பும் என்று ஒருவர் அஞ்சினால், அது பேசித் தீர்க்கக்கூடிய அச்சம்.

சூதாட்டத்தைப் பற்றிய கவலையோ கற்பனையானதன்று. எந்தக் கோல்டன்ராடு நகரத்துப் பூக்கடையில் பூவாளி கிடைக்கிறதோ, அதே நகரத்தில் ஒரு சூதாட்டக் கூடமும் இருந்தது. நாணயம் போட்டுச் சுழற்றும் இயந்திரங்கள் அங்கே வரிசையாக நின்றன. பத்தாண்டுகள் கழித்து அந்த ஆட்டங்கள் புதுப்பிக்கப்பட்டபோது, ஜப்பானுக்கு வெளியே விற்ற பதிப்புகளில் அவ்வியந்திரங்கள் நீக்கப்பட்டு, எண்களைக் கொண்டு ஊகிக்கும் வேறொரு புதிர் வைக்கப்பட்டது. ஆனால் கடைகளில் விற்கும் போக்கிமான் அட்டைப் பொட்டலங்கள் இன்றும் உள்ளன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், அரிய அட்டை கிடைக்கும் என்னும் ஆசையில், பிள்ளைகள் பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறார்கள். உலமாக்களிடம் நாம் கொண்டுபோக வேண்டிய கேள்வி இது. தொழுகை நேரத்தை விழுங்கும் ஆட்டத்தைப் பற்றியும், பெற்றோர் அறியாமல் செலவாகும் பணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். பொய்யான காரணத்தைச் சொல்லிப் பிள்ளையைத் தடுத்தால், அது பொய் என்று அவன் அறியும் நாளில், நாம் சொன்ன மெய்யான காரணங்களையும் சேர்த்தே அவன் உதறிவிடுவான். நம் வீடுகளில் இழக்கப்படுவது ஒரு விளையாட்டன்று. பெற்றோரின் சொல்மீதுள்ள நம்பிக்கை.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலையை அது நமக்கு எச்சரிக்கிறது. மார்க்கத்தின் பெயரால் வரும் செய்திக்கு இதில் விலக்கு இல்லை. உண்மையில், மார்க்கத்தின் பெயரைத் தாங்கி வருவதாலேயே அது கூடுதல் விசாரணைக்கு உரியது.

சூடோவூடோவைப் பற்றி அன்றிரவு சகோதரி மகன் சொன்ன இன்னொரு செய்தி மனத்தில் நிற்கிறது. பாறை இனமாதலால் அதன்மீது நெருப்பை ஏவினால் பாதித் தாக்கம்தான் ஏற்படும். நீரும் மெய்யான தாவரங்களும் தாக்கினால்தான் இரட்டிப்பாக உறைக்கும். குடும்பக் குழுவில் வதந்தியை அனுப்பியவரிடம் நாம் கோபத்தைக் கொட்டினால் நடப்பதும் அதுவே. அவர் இன்னும் இறுகிப்போவார். தெளிந்த விளக்கத்தை மென்மையாக வைத்தால் கேட்பார். எனக்கு அச்செய்தியை அனுப்பியவர் என் பெரியப்பா. தீய எண்ணம் கொண்டவரல்லர். பேரப்பிள்ளைகளைப் பற்றிய அச்சத்தால் அனுப்பினார். சூடோவூடோவும் அச்சத்தால்தானே மரமாக நடிக்கிறது? குழுவில் பதிலெழுதாமல் அவரை நேரில் சென்று பார்த்தேன். அட்டைப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னபோது, “அதுதான் எனக்கும் கவலை” என்றார்.

ஆட்டத்தில் இன்னொரு சிறு நுட்பமும் உண்டு. சூடோவூடோவின் இளம்பருவத்திற்குப் பான்ஸ்லி என்று பெயர். பிறரைப் போல் செய்யும் ‘பாவனை’ என்னும் வித்தையைக் கற்ற பிறகே அது சூடோவூடோவாக வளர்கிறது. பொய்யும் அப்படித்தான். அறிவைப் போல் பேசக் கற்ற பிறகே அது வழியை மறிக்கும் அளவுக்கு வளர்கிறது.

அடுத்த முறை அத்தகைய செய்தி நம் கைப்பேசிக்கு வரும்போது, அனுப்புவதற்கு முன் பூவாளியை எடுப்போம். மெய்யானால் அந்நீரில் தழைக்கட்டும். பொய்யானால் வழியை விட்டு விலகட்டும். நம் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து அல்லாஹ் காப்பானாக, ஆமீன்.