பத்தாவது வரைக்கும்

மே மாதம் வந்தால் நாளிதழ்கள் பழைய தலைப்பையே தூசி தட்டிப் போடுகின்றன: இந்த ஆண்டும் மாணவிகளே அதிகம் தேர்ச்சி. இரட்டைச் சடையும் ரிப்பனுமாக நான்கு பெண்கள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டும் படம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வருகிறது. அன்றைக்குக் காலையிலிருந்து இந்தப் பிள்ளைகள் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்திருப்பார்கள்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முதலாண்டு மாணவிகளிடம் 'என் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பிரேயரில் மயங்கி விழுந்தவள், சத்துணவு முட்டை, பிடித்த டீச்சர் என்று எழுதுவார்கள் என நினைத்தேன். எழுதினார்கள்தான். ஆனால் கிராமத்து உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தார்கள். குடிக்காத தண்ணீரைப் பற்றி. "காலையில் டீ. மதியம் சோற்றுக்கு ஒரு வாய். மிச்சமெல்லாம் வீட்டுக்கு வந்துதான்" என்று ஒருத்தி கணக்கே எழுதியிருந்தாள்.

எனக்கு அந்தக் கணக்கு தெரியும். 1990களின் நடுவில் நான் படித்ததும் அப்படி ஒரு பள்ளியில்தான். மல்லாட்டைக் காட்டுக்கு நடுவே ஓட்டுக் கட்டடம். கழிப்பறை ஒன்று இருந்தது. அதன் சாவி ஆசிரியர் அறை ஆணியில் தொங்கியது. எங்களுக்கு வேலிகாத்தான் புதர். நான்கு பேராகப் போக வேண்டும். ஒருத்தி உட்கார, மூன்று பேர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் காடு முழுக்க ஆட்கள், அப்போது அதுவும் இல்லை. மூன்று மணிக் கணக்கு வகுப்பில் அடிவயிறு கல்லாகிக் கிடக்கும், நெற்றிப்பொட்டு தெறிக்கும். "பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கணக்கு ஏறாது" என்பார் சார். காரணத்தை அவர் எங்கள் மண்டைக்குள் தேடினார். அது அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப எல்லாம் மாறிடுச்சு மேடம்" என்கிறார் என்னோடு பணிபுரிகிற ஒருவர். மாறித்தான் இருக்கிறது. டைல்ஸ் போட்ட கழிப்பறை இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராது, கதவில் தாழ்ப்பாள் இருக்காது. 2011இலிருந்து அரசு நாப்கின் கொடுக்கிறது. பயன்படுத்தியதை எங்கே போடுவது என்று எந்தச் சுற்றறிக்கையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. பைக்குள் சுருட்டி வைத்துச் சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் யாருக்கும் வாடை வந்துவிடுமோ என்று உட்கார்ந்திருந்ததை ஒருத்தி எழுதியிருக்கிறாள். இதே பெண் வயதுக்கு வந்ததை ஊர் முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்து அறிவிக்க யாரும் கூசவில்லை. கூச்சம் முழுவதையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். துப்புரவுப் பணியாளர் வராத நாளில் வாளியும் விளக்குமாறும் யார் கைக்குப் போகும்? காலனியிலிருந்து வரும் பிள்ளையின் கைக்கு. அங்கே பெண்கள் எல்லோரும் ஒன்று என்று நான் எப்படிப் பேசுவது?

இந்தப் பள்ளிகளின் பெயரையே கொஞ்சம் கவனியுங்கள். உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாவது வரைக்கும். பதினொன்று படிக்க வேறு ஊருக்குப் போக வேண்டும். அரசின் இலவச சைக்கிள் எப்போது கிடைக்கிறது? பதினொன்றாம் வகுப்பில். அதாவது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் எப்படியோ போய்ச் சேர்ந்த பிறகு. சைக்கிள் இல்லாததால் சேர முடியாமல் போனவளுக்குச் சைக்கிள் கிடையாது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. என் மாணவிகள் பலர் அந்த சைக்கிளில்தான் என் வகுப்பறை வரைக்கும் வந்தார்கள். நான் வராதவளைப் பற்றிப் பேசுகிறேன்.

அவளுக்கும் அரசு ஒரு காலத்தில் ஒன்று வைத்திருந்தது. தாலிக்குத் தங்கம். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவித் திட்டம் 2011இல் இப்படி ஆனது: பத்தாவது வரை படித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 25,000 ரூபாயும் நான்கு கிராம் தங்கமும். பெண்ணைப் பத்தாவது வரையாவது படிக்க வைப்பார்கள் என்பது கணக்கு. படிக்க வைத்தார்கள். பத்தாவது வரைக்கும். பள்ளிக்கூடமும் அங்கே முடிந்தது, தங்கத்துக்கான தகுதியும் அங்கே முடிந்தது. மதிப்பெண் பட்டியல் கல்யாண விண்ணப்பத்தோடு இணைக்கும் தாளானது. தேவதாசி முறைக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசிய, 1936இல் 'தாசிகள் மோசவலை' எழுதிய ஒரு பெண்ணின் பெயரைத் தாலியில் கோத்துவிட்டோம். 2022இல்தான் அது புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வருபவளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாறியது. முப்பத்து மூன்று வருஷம். இதிலும் கல்லூரி வாசலை எட்டியவளுக்குத்தான் பணம். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில கிலோமீட்டர் இன்னமும் அப்படியே கிடக்கிறது.

போன வருஷம் என் மாணவி ஒருத்தியின் தங்கை பத்தாவதில் நானூறுக்கு மேல் வாங்கினாள். பதினொன்றில் சேர்க்கவில்லை. நான் போனேன், திட்டலாம் என்றுதான் போனேன். அம்மா நூறு நாள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க மேடம், உக்காருங்க" என்று பாயை விரித்தார். பிறகு கேட்டார்: "ஸ்பெஷல் கிளாஸ் அஞ்சே காலுக்கு விடுறாங்க. டவுன் பஸ்ஸு அஞ்சு மணிக்குப் போயிடுது. அடுத்தது ஏழரைக்கு. நீங்க இருந்தா அனுப்புவீங்களா மேடம்?"

அனுப்பியிருக்க மாட்டேன். பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம் என்று அந்தப் பஸ்ஸில் எழுதியிருக்கிறது. பஸ்தான் இல்லை.

அந்தப் பாயில் உட்கார்ந்தே மனு எழுதினோம். ஐந்து மணி வண்டியை ஐந்தரைக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பதினோரு அம்மாக்கள் கீழே பெயர் போட்டார்கள், மூன்று பேர் கைநாட்டு. டிப்போவிலிருந்து பதில் இல்லை. இரண்டாவது மனுவும் போயிருக்கிறது. தங்கை இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனதாம்.