நந்தன் கால்வாயும் அதன் கரைவாழ் உயிர்களும்

அண்ணாமலைத் தலத்தை நாடி வருவோர் மலையை வலம் வருவர். இராஜகோபுரத்தை அண்ணாந்து நோக்கி வியப்பர். ஆயின், இம்மாவட்டத்துக் கீரனூரில் துரிஞ்சலாற்றின் குறுக்கே நிற்கும் அணைக்கட்டையும், ஆங்கிருந்து புறப்படும் நந்தன் கால்வாயையும் காணச் செல்வார் மிகச் சிலரே. நம் கல்லூரி அன்பர்களிலும் பலர் அதன் பெயரைக் கேட்டதன்றிக் கண்டிலர் என்றே எண்ணுகிறோம்.

இக்கால்வாய் பல்லவர் காலத்தது என்றும், நந்திவர்மன் என்னும் பெயரே நந்தன் எனக் குறுகிற்று என்றும் மக்கள் வழங்குவர். கீரனூரில் தொடங்கி ஏறக்குறைய 38 கிலோமீட்டர் சென்று, வழியில் 36 ஏரிகளுக்கு நீர் வார்க்குமாறு அமைந்த இது, விழுப்புரம் மாவட்டத்துப் பனமலை ஏரியில் முடிகின்றது. அவ்வேரியை நோக்கி நிற்கும் குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கற்றளி இன்றும் உளது. அதன் சுவரில் எஞ்சியுள்ள உமையம்மையின் ஓவியத்தைக் காணக் கலையறிஞர் தொலைவிலிருந்தும் வருவர்; அடிவாரத்து ஏரிக்கு நீர் வந்ததா என வினவுவார் அவருள் எத்துணைப் பேரோ, அறியோம். துரிஞ்சில் என்பது உசிலமரத்திற்கு மற்றொரு பெயர். அம்மரம் செறிந்திருந்தமையாலேயே ஆற்றுக்கு அப்பெயர் வந்தது போலும். இன்று அப்பொடியைத் தலைமுழுகக் கடையில் வாங்குகிறோமேயன்றி மரத்தை அறியோம்.

நிற்க. இக்கால்வாய் நெடுநாள் தூர்ந்து கிடந்தது. கடைமடை ஏரிகளுக்கு நீர் எட்டாமையால் உழவர் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்தனர். தென்பெண்ணை நீரையும் இதனோடு இணைத்தல் வேண்டும் என்றனர். அண்மை ஆண்டுகளில் அரசினர் பல கோடி ரூபாய்ச் செலவில் இதனைச் செப்பனிட முற்பட்டமை பாராட்டற்பாலதே. நீரில்லாத வாய்க்காலில் பறவையைப் பற்றிப் பேசுதல் பசித்தவன் முன் சங்கீதம் பாடுதலை ஒக்கும் என்பதை நாமும் அறிவோம். ஆயினும், பழைய கால்வாய்களைச் செப்பனிடும் முறையில் ஒரு பெருங்குறை உண்டு என்பது நம் துணிபு. கால்வாயை நீர் செல்லும் குழாயாக மட்டும் கருதுவதே அக்குறை.

பல நூற்றாண்டு கிடந்த மண்கால்வாய் ஓர் உயிர்க் குடியிருப்பு. நாணலும் கோரையும் கரையைப் பற்றி நிற்கும். அவற்றின் அடியில் தவளை முட்டையிடும், கெளிறும் குரவையும் குஞ்சு பொரிக்கும். நீரின்மேல் சாய்ந்த பனையோலையில் தூக்கணாங்குருவி கூடு பின்னும். கரை வளையில் நண்டும், புதரில் கீரியும் உடும்பும் வாழும். மீன்கொத்தியும் மடையானும் இவற்றையே நம்பி வருவன. வயலில் பூச்சியைத் தின்னும் தவளையும் எலியைப் பிடிக்கும் சாரைப்பாம்பும் இக்கரையினின்றே வருகின்றன. அவற்றின் உழைப்புக்கு நாம் கூலி கொடுப்பதில்லையாதலின் கணக்கிலும் எழுதுவதில்லை.

எந்திரம் ஒரு வாரத்தில் இவையனைத்தையும் வழித்தெடுத்து விடுகின்றது. சீமைக் கருவேலத்தை வேரோடு களைவது நன்றே. அயல்நாட்டுச் செடிகளை அகற்றத் தமிழ்நாட்டு அரசு 2022-ஆம் ஆண்டில் கொள்கையே வகுத்துள்ளது. எந்திரத்துக்கோ சீமைக் கருவேலமும் ஒன்று, புங்கும் நொச்சியும் ஒன்று. பின்னர் இருபுறமும் சிமெண்டுச் சுவர் எழுகின்றது. செங்குத்தான அச்சுவருக்குள் விழுந்த ஆமையோ உடும்போ ஏறிவர வழியின்றி மாயும், ஆட்டுக்குட்டிக்கும் அக்கதியே.

சிமெண்டுப் பூச்சால் கசிவு குறைந்து கடைமடைக்கு நீர் விரைந்து செல்லும் என்பர். இதனை மறுப்பதற்கில்லை. எனினும் அக்கசிவு வீணாவதன்று. கரையோரத்துக் கிணறுகளில் ஊறுவது அதுவே. ஆதலின் கரை உடையுமிடத்தும் மதகுகளின் அருகிலும் மட்டும் பூசி, ஏனைய இடங்களை மண்கரையாகவே விடுதல் தகும். பூசிய இடங்களிலும் ஆங்காங்கே சரிவான படித்துறை வைத்தல் பெருஞ்செலவன்று.

உழவர் நலமும் பறவை நலமும் பகையென எண்ணுவோர் வேடந்தாங்கலைக் காண்க. ஆங்கு ஏரியில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாதலை ஊரார் கண்டனர். வேட்டையாடுவோரைத் தடுக்க வேண்டி, 1798-ஆம் ஆண்டில், அந்நாளைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைச் சாசனமும் பெற்றனர். வனத்துறை பிறப்பதற்கு முன்னரே நம்மூர் உழவர் செய்த செயல் இது.

மேல்நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. வேல்ஸ் நாட்டு எல்லையில் உள்ள மான்ட்கோமரி கால்வாய் 1936-இல் உடைப்பெடுத்தது, 1944-இல் கைவிடப்பட்டது. ஆளில்லாத அந்நீரில் அருகிப்போன மிதவைச் செடிகள் தழைத்தன. பின்னாளில் படகு விடவேண்டிச் செப்பனிட வந்தோர், செடிகளை அழியவிடாது, கால்வாயின் பக்கத்தே தனிக் குளங்கள் வெட்டி அவற்றுக்கு இடமளித்தனர். அவர்க்குப் படகு விளையாட்டு; நமக்கோ சோறு. அதனால் அவர் செய்த அளவு நம்மால் இயலாது எனினும், செய்யத் தக்கது சில உண்டு. ஓராண்டு இடக்கரையும் மறுவாண்டு வலக்கரையுமாகத் தூர் வாரினால், ஒருகரை உயிர்கள் மறுகரையில் புகலடையும். மாசிக்குப் பின்னும் ஆடிக்கு முன்னும் வேலையை முடித்தால் வடகிழக்குப் பருவமழையில் முட்டையிடுவன பிழைக்கும். வாரிய வண்டலைக் கரையில் குவித்து மழையில் மீண்டும் கரையவிடாது, பண்டைக் குடிமராமத்து நாளிற் போல வயலுக்கு எடுத்துச்செல்ல உழவரை விடுதல் வேண்டும்.

இவற்றை அதிகாரிகளிடம் சொல்லப் புகுவோரை அவர் முதலில் கேட்பது, அக்கரையில் என்ன வாழ்கிறது என்பதே. அதற்கு விடை எழுதுதற்கு நம் விலங்கியல், தாவரவியல் மாணாக்கரைவிடத் தக்கவர் யார்? 36 ஏரிகள், ஞாயிறுதோறும் ஏரி ஒன்றாகச் சென்றாலும் ஓராண்டிற்குள் முடியும். பேருந்துச் செலவும் ஒரு குறிப்பேடும் போதும். எந்திரம் இன்னும் வாராத பகுதியிலிருந்து தொடங்குவது நலம்.