எக்ஸ்டெண்டர்களை மூட்டை கட்டுவதற்கு முன்: குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்



லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை இதற்குள் பார்த்திருப்பீர்கள். பழைய வைஃபை எக்ஸ்டெண்டர்கள் பாதுகாப்பற்றவையாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ச்மேன் அறையில் ஒப்படைக்க வேண்டுமாம். புதியது சலுகை விலையில் வருமாம். பணம் அடுத்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேருமாம். ஞாயிறு மாலையே பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக்கப் போகிறார்கள். நோட்டீஸ் சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதன் மூலையில் பின் குத்தியிருக்கும் விசிட்டிங் கார்டு இணைய இணைப்பு தருபவருடையது.

நோட்டீஸில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இதைச் சும்மா கிழித்துப் போட முடியவில்லை.

2025 செப்டம்பர் 2ஆம் தேதி அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமை ஒரு எக்ஸ்டெண்டரின் ஓட்டையைத் தன் பட்டியலில் சேர்த்தது. உண்மையான தாக்குதல்களில் பயன்படுவதாகத் தெரியவந்த ஓட்டைகளை மட்டும் சேர்க்கும் பட்டியல் அது. கருவி டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஏ855ஆர்இ, சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும் ரகம். அதே வைஃபைக்குள் இருக்கும் எவரும் பாஸ்வேர்டே இல்லாமல் ஒரே ஒரு கட்டளை அனுப்பி, கருவியைப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவந்து, தன் இஷ்டத்துக்கு ஒரு நிர்வாகி பாஸ்வேர்டைப் போட்டுக்கொள்ளலாம். அதே வைஃபைக்குள் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். கல்யாண வேலையாக வந்து தங்கிய உறவினர் முதல், கண்ட ஆப்பையெல்லாம் இறக்கி வைத்திருக்கும் பையனின் போன் வரை எல்லோரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

அந்த ஓட்டை 2020இலேயே தெரிந்தது. அதே ஆண்டில் நிறுவனம் திருத்தமும் வெளியிட்டது. நம் வீடுகளில் எத்தனை பேர் அதைப் போட்டோம்? எக்ஸ்டெண்டருக்கு ஃபர்ம்வேர் என்று ஒன்று உண்டு என்பதையே பலர் இந்த நோட்டீஸில்தான் முதலில் படித்திருப்பீர்கள். கருவிக்குள் எழுதப்பட்டு அதை இயக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். நிறுவனம் அதைக் கவனிப்பதை நிறுத்திவிட்டால் கருவி நன்றாக வேலை செய்துகொண்டே இருக்கும், கதவு மட்டும் திறந்து கிடக்கும்.

எங்கள் கோபம் இங்கேதான். வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. பச்சை விளக்கு எரிகிறது, பின் படுக்கையறை வரை சிக்னல் வருகிறது. ஆனால் விற்றவர் கையைக் கழுவிவிட்டார். புதிய மாடல் வந்துவிட்டது, பழையதற்கு இனி அப்டேட் கிடையாது, வேண்டுமானால் வாங்கிக்கொள் என்கிறார். நாமும் வாங்குகிறோம். அந்தப் புதியதற்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று யாராவது கடைக்காரரைக் கேட்டதுண்டா? எங்கள் கைக்கு வந்த பெட்டிகளில் 300 எம்பிபிஎஸ் என்றும் 1200 எம்பிபிஎஸ் என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்டேட் எந்த ஆண்டு வரை என்ற ஒரு வரி இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் வீட்டுக் கருவிக்கு எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்பதைத் தயாரிப்பவர் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்டைப் போட்டு விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 டிசம்பர் 11 முதல், பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் திருத்தம் தரும் கடமை வருகிறது. நமக்கு வந்திருப்பது லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ்.

மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2020இல் 7 நிறுவனங்களின் 127 வீட்டு ரௌட்டர்களைச் சோதித்தது. அதில் 46க்கு முந்தைய ஓராண்டில் ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வரவில்லை. மோசமான ஒன்றுக்கு 1,969 நாள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் ஓடியது, கடைசித் திருத்தம் 2011இல் வந்த பழைய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) அல்லது அதைவிடப் பழையது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்து, உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகளைத் தன் வசம் வைத்திருந்தது. 2018 மே மாதம் வெளியே தெரிந்த விபிஎன்ஃபில்டர் 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது. 2025 மே மாதம் அமெரிக்க எஃப்பிஐ, ஆதரவு நிறுத்தப்பட்ட 13 பழைய மாடல்களைப் பெயர் சொல்லி எச்சரித்தது. அப்படிப்பட்ட ரௌட்டர்களைப் பிடித்து, அவற்றின் இணைப்பை வாடகைக்கு விட்டு ஒரு கும்பல் சம்பாதித்தது 4.6 கோடி டாலருக்கு மேல் என்பது அங்கே அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டு. வாடகைக்கு எடுத்தவன் செய்யும் திருட்டு, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் முதலில் வந்து நிற்கும். சைபர் கிரைம் போலீஸ் கதவைத் தட்டும்போது, எனக்கு ஃபர்ம்வேர் பற்றித் தெரியாது சார் என்று சொல்லிப் பாருங்கள்.

ஆக, பழைய ஃபர்ம்வேரோடு அப்படியே விட்டுவைக்கச் சொல்லவில்லை. கருவியைத் தூக்கிப் போடாமல் ஃபர்ம்வேரை மட்டும் மாற்ற முடியும் என்பதை நோட்டீஸ் மறைக்கிறது என்கிறோம்.

நிறுவனங்கள் கைவிட்ட கருவிகளுக்கு ஓபன்-டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ஃபர்ம்வேர் இருக்கிறது. இது யாரோ நேற்று எழுதியதல்ல. 2002 கடைசியில் லிங்க்சிஸ் விற்ற ஒரு நீல ரௌட்டருக்குள் இருப்பது லினக்ஸ் என்று அடுத்த ஆண்டே கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி மூல நிரலைத் தர வேண்டும், கேட்டார்கள், வாங்கினார்கள். 2004இல் அதிலிருந்து பிறந்ததுதான் இது. அதே ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றமும், வீட்டு ரௌட்டர் விற்ற ஒரு நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இந்த உரிமம் செல்லும் என்று சொன்னது. மூடி வைக்கப் பார்த்தவர்களும் இறங்கிவர நேர்ந்தது. 2016இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், அலைபரப்புச் சக்தி தொடர்பான ஒரு விதிமீறலுக்காக டிபி-லிங்க்கிடம் 2 லட்சம் டாலர் வாங்கியது. அந்தச் சமரசத்திலேயே, சில ரௌட்டர்களில் வெளியார் ஃபர்ம்வேரைப் போடுவதற்கான வழியை ஆராயவும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இன்று ஓபன்-டபிள்யூஆர்டி 1,900க்கு மேற்பட்ட கருவிகளில் ஓடுகிறது. 2025 தொடக்கத்தில் வந்த 24.10 பதிப்பில் லினக்ஸ் கெர்னல் 6.6 இருக்கிறது. ஜெர்மன் ஆய்வில் 2011இல் நின்றுபோன கெர்னலைப் பார்த்தோம், கைவிட்டது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாக் கருவியையும் காப்பாற்றிவிடலாம் என்று நாங்கள் அளக்கப் போவதில்லை. கருவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் எறும்பு சைஸில் வெர்ஷன் எண் இருக்கும். போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால்தான் தெரியும். அந்த எண்தான் முக்கியம். ஒரே மாடல் பெயரில், வெர்ஷன் மாறும்போது உள்ளே இருக்கும் சிப்பே மாறிவிடும், ஒன்றுக்கான கோப்பை இன்னொன்றில் ஏற்றினால் கருவி பிரிக் ஆகிவிடும், அதாவது செங்கல்போல் செயலற்றுப்போகும். இன்றைய பதிப்புக்கு 8 எம்பி சேமிப்பும் 64 எம்பி ரேமும் ஆகக் குறைந்த அளவு. 4 எம்பியும் 32 எம்பியும் உள்ள பழைய மலிவுக் கருவிகளுக்கு வழியில்லை. அவற்றை விட்டுவிட வேண்டியதுதான். பிராட்காம் வைஃபை சிப் என்றாலும் பெரும்பாலும் ஏமாற்றமே. குவால்காம் அத்தெரோஸ், மீடியாடெக் சிப் உள்ளவற்றில் நல்ல வாய்ப்பு உண்டு. டிபி-லிங்க்கின் ஆர்இ200, ஆர்இ450, ஆர்இ650 போன்ற எக்ஸ்டெண்டர்களின் பல வெர்ஷன்கள் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றன.

வேலை இவ்வளவுதான். சரியான கோப்பை இறக்கி, கோப்பு முழுமையாக வந்ததைக் காட்டும் செக்சம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, லேன் கேபிளில் இணைத்து, கருவியின் பழைய அப்டேட் பக்கத்திலேயே ஏற்ற வேண்டும். விளக்கு கண்டபடி மின்னும். அந்த நேரத்தில் கரண்ட் போகக் கூடாது. நம் ஏரியாவில் அதற்கு உத்தரவாதம் இல்லை என்பதால் இன்வெர்ட்டர் பிளக்கில் செருகுங்கள். முடிந்ததும் வைஃபை காணாமல் போய்விட்டது என்று பதறாதீர்கள், இதில் வைஃபையை நாம்தான் இயக்க வேண்டும். 192.168.1.1 என்ற முகவரியில் நுழைந்து பாஸ்வேர்டு வைத்து, நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு இயக்குங்கள். அந்தக் குறியீடு அலங்காரத்துக்கு இல்லை. உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்த அலைவரிசைக்கும் சக்தி வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வைஃபையைக் கெடுப்பது நாம்தான். வாரன்டி போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இதனால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஏறக்குறைய பாதி வேகத்தைத்தான் தரும், எந்த ஃபர்ம்வேர் போட்டாலும். ஹாலிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து அதே கருவியை ஆக்சஸ் பாயிண்ட்டாக வைப்பது மேல்.

சங்க நிர்வாகிகளுக்கு: தீர்மானத்தைத் தள்ளிவையுங்கள். வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 100 வீட்டுக்கு 2 லட்சம். பெயின்ட் அடிக்க மூன்று கொட்டேஷன் கேட்கும் சங்கம், இதற்கு ஒரு விசிட்டிங் கார்டோடு நிறுத்திக்கொண்டது ஏன்? வாங்கியே தீர வேண்டிய வீடுகளுக்கு, அப்டேட் எந்த ஆண்டு வரை என்று எழுதித் தரும் கருவியை மட்டும் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவர் இன்னும் சில வருஷத்தில் இதே நோட்டீஸோடு வருவார்.

குடியிருப்பவர்களுக்கு: சனிக்கிழமை மாலை 4 மணி முதல் கிளப் ஹாலில் லேப்டாப்போடும் கேபிளோடும் உட்கார்ந்திருப்போம். கருவியைக் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம். ஆதரவில்லாத கருவி என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். போட்டுக் கொடுத்த பிறகு அடுத்தடுத்த அப்டேட்டை ஏற்றுவது உங்கள் பொறுப்பு. நான்கு வருஷம் திரும்பிப் பார்க்காமல் விட்டால் எந்த ஃபர்ம்வேரும் ஒன்றுதான். ஃபர்ம்வேரை மாற்றவும் அப்டேட் ஏற்றவும் மனமில்லாதவர்கள் தயவுசெய்து பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். உங்கள் வீட்டு ஓட்டையால் வரும் தொல்லை உங்கள் வீட்டோடு நிற்காது.

ஏற்கெனவே வாட்ச்மேன் அறையில் கொடுத்துவிட்டவர்கள் கவனியுங்கள். அங்கே ஒரு அட்டைப்பெட்டியில் எக்ஸ்டெண்டர்கள் மூடியில்லாமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் வீட்டு எண் எழுதியிருக்கிறது. ரீசெட் செய்யாத கருவிக்குள் உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். பெட்டி எந்தக் காயலான் கடைக்குப் போகிறது என்று கேட்டோம், நிர்வாகியிடம் பதில் இல்லை. இன்றே போய் உங்கள் கருவியைத் திரும்ப வாங்குங்கள். குண்டூசியால் ரீசெட் ஓட்டையைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். கருவி கிடைக்கவில்லை என்றால், ரௌட்டரின் வைஃபை பாஸ்வேர்டை இன்று இரவே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள்